ஒரு முறை கேட்டால் போதுமா?

பழைய கதைகள் பெரும்பாலும் கல்யாணப் பந்தலோடு முடிந்துவிடும். இளவரசியின் கழுத்தில் மாலை விழும், மேளம் கொட்டும், 'சுபம்' என்று எழுதிவிட்டுக் கதாசிரியர் எழுந்து போய்விடுவார். அதன் பிறகு அந்த இளவரசி என்ன ஆனாள், நினைத்ததை வாய்விட்டுச் சொல்ல அந்த அரண்மனையில் அவளுக்கு ஓர் இடம் இருந்ததா என்று கேட்க நமக்கும் தோன்றியதில்லை. புதிய இலக்கியம் பந்தல் பிரித்த மறுநாள் காலையில் தொடங்குகிறது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பல மொழிகளில் எழுந்த சிறந்த கதைகள், மணமான பெண்ணைப் பார்த்து, "அம்மா, நீ யார்?" என்று வினவியிருக்கின்றன. இன்னாரின் மனைவி, இன்னாரின் மருமகள், இன்னாரின் தாய் என்ற பதில்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அங்கே யாராவது இருக்கிறார்களா என்பதே அக்கதைகளின் கேள்வி.

பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறும் தறுவாயில் இருக்கும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இன்னும் சில ஆண்டுகளில் நம்முள் பலருடைய பெயர்கள் பங்குக் கோவில்களில் ஓலையாக வாசிக்கப்படும். மணநாளன்று குருவானவர், வற்புறுத்தல் ஏதுமின்றி முழு மனத்தோடு வந்திருக்கிறோமா என்று பீடத்தின் முன்னே, ஊரறிய நம்மைக் கேட்பார். தந்தை கொடுத்த வாக்கும் உற்றார் பேசி முடித்த பேச்சும் நம் பதிலுக்கு ஈடாகா. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, வேறெந்த மனித அதிகாரமும் அதை ஈடுசெய்ய முடியாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தெளிவாகக் கூறுகிறது. அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் செல்லாது என்றும் அது சொல்கிறது. இஸ்லாமியத் தோழியரின் வீட்டு நிக்காஹிலும் மணமகளின் இசைவைக் கேட்ட பிறகே காரியம் நடக்கிறது. ஆக, பெண்ணைக் கேட்க வேண்டும் என்பது மரபுக்குத் தெரியாத புதுமை அல்ல. ஒரு முறை கேட்டாயிற்று. அதன் பின் ஐம்பது ஆண்டு வாழ்க்கையில் எத்தனை முறை கேட்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சில கதைகளைப் படித்துப் பார்த்தோம். அவை புதிய வெளிச்சத்தில் தெரிந்தன.

நார்வே நாட்டு நோராவை முதலில் பார்ப்போம். ஹென்ரிக் இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' என்னும் நாடகம் 1879 டிசம்பரில் நூலாக வெளிவந்து, அம்மாதமே கோபன்ஹேகன் நகரில் மேடையேறியது. நோராவுக்கு மணமாகி எட்டு ஆண்டுகள், மூன்று குழந்தைகள். கணவன் ஹெல்மர் வங்கியின் மேலாளராகப் பதவியேற்க இருக்கிறான். கிறிஸ்துமஸ் காலம். குறை என்று சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். அணிற்குஞ்சே, வானம்பாடியே என்று கணவன் கொஞ்சுகிறான். ஆனால் அவள் மக்ரூன் தின்னக் கூடாதாம், பல் கெட்டுவிடுமாம்! மூன்று குழந்தைகளுக்குத் தாயானவள் அதைப் பையில் ஒளித்து வைத்துத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தின்னவே இல்லை என்று சாதிக்கிறாள். தூத்துக்குடித் தோழியர் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனாலும், ஒரு தின்பண்டத்துக்காகப் பொய் சொல்லக் கற்ற வீட்டில் பெரிய உண்மை ஒன்றைச் சொல்லத் துணிவு எங்கிருந்து வரும்?

அந்தப் பெரிய உண்மை இது. முன்பு கணவன் நோயுற்றிருந்தபோது, தெற்கே வெப்பமான நாட்டுக்கு அழைத்துச் சென்றால்தான் பிழைப்பான் என்று மருத்துவர்கள் அவளிடம் கூறினார்கள். மணமான பெண், கணவன் சம்மதமின்றிக் கடன் வாங்க முடியாத காலம். நோரா, சாகக் கிடந்த தன் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் பெற்று, அவனை இத்தாலிக்கு அழைத்துச் சென்று காப்பாற்றினாள். பிறகு தன் துணிமணிச் செலவில் மிச்சம் பிடித்தும், இரவில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நகலெழுதும் வேலை செய்தும், அவனறியாமல் கடனை அடைத்து வந்தாள். அந்த இரவுகளில் களைப்பாக இருந்ததாம். ஆனால் ஓர் ஆண்பிள்ளையைப் போல் உட்கார்ந்து உழைத்துச் சம்பாதித்தது மகிழ்ச்சியாகவும் இருந்ததாம். தோழியிடம் அவள் இதைச் சொல்லும் இடமே நாடகத்தின் உயிர்நிலை என்று நமக்குப் படுகிறது. வாழ்க்கையில் அவள் அவளாக இருந்தது அந்தச் சில இரவுகளில் மட்டுந்தான்.

உண்மை வெளிப்பட்டபோது கணவன் தன் மானம் போயிற்றே என்று சீறுகிறான். கடன் பத்திரம் திரும்பக் கிடைத்து ஆபத்து விலகியதும், "மன்னித்துவிட்டேன்" என்று பெருந்தன்மையோடு வருகிறான்! அதற்குள் நோரா விழா உடையைக் களைந்து அன்றாட உடையோடு வந்து, அவனை எதிரே உட்கார வைத்துப் பேசுகிறாள். எட்டு ஆண்டுகளில் நாம் இருவரும் உட்கார்ந்து ஒன்றைப் பற்றிப் பேசுவது இதுவே முதல் தடவை என்கிறாள். பின்பு மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறாள்.

அவள் சாத்திய கதவின் ஓசை ஐரோப்பா முழுவதும் கேட்டது என்பார்கள். ஜெர்மனியில் ஒரு புகழ்பெற்ற நடிகை, குழந்தைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டாள். வேறு யாரேனும் தம் நாடகத்தைச் சிதைப்பதைவிடத் தாமே மாற்றுவது மேல் என்று கருதிய இப்சன், நோரா குழந்தைகளின் அறை வாசலில் தளர்ந்து விழுந்து வீட்டோடு தங்கிவிடுவதாக வேறொரு முடிவை எழுதிக் கொடுத்தார். எழுதிய கையோடு அதை ஒரு கொடுமை என்றும் கூறினார். ஆக, நோரா போனாள், போகவில்லை என்ற இரண்டு முடிவுகளுமே அவர் கையால் எழுதப்பட்டவை. அவள் போனது சரியா, தவறா என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். கடைசிப் பக்கத்தை மாற்றிவிடலாம். முன்னே கடந்துபோன எட்டு ஆண்டுகளை யாராலும் மாற்ற முடியாது.

நம் நாட்டுச் சாவித்திரிக்கு வருவோம். ஆர்.கே. நாராயண் 1938-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'இருட்டறை' நாவலின் நாயகி இவள். மால்குடியில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கிளை அதிகாரி ரமணி. அவன் மனைவி சாவித்திரி. பாபு, சுமதி, கமலா என்று மூன்று மக்கள். கதை தொடங்கும்போதே பாபுவுக்கு உடம்பு சரியில்லை. பள்ளிக்குப் போக வேண்டாம் என்கிறாள் தாய். போகத்தான் வேண்டும் என்கிறான் தந்தை. சமையலறை வேலை எதுவானாலும் நீ பார்த்துக்கொள், பையனை வளர்ப்பதை என்னிடம் விட்டுவிடு என்ற பொருளில் ஒரு பேச்சு. அதோடு விஷயம் முடிந்தது. அந்த வீட்டில் சாவித்திரியைக் கேட்டு நடப்பது எதுவுமில்லை.

நவராத்திரிக் கொலுவில் பாபு மின்விளக்கு அலங்காரம் செய்யப்போய், வீட்டில் மின்சாரமே நின்றுவிடுகிறது. பண்டிகை நாளில் தந்தை அவனை அடிக்கிறான். சாவித்திரி ஒன்றும் சொல்லாமல், வேண்டாத பொருள்கள் கிடக்கும் இருட்டறைக்குள் போய்ப் படுத்துவிடுகிறாள். உண்ணவில்லை, பேசவில்லை. இந்த அறையை நாம் எல்லோரும் அறிவோம். நம் பாட்டியரின் வீடுகளில் அது உக்கிராண அறையாகவோ மாடிப்படிக்கு அடியில் உள்ள மூலையாகவோ இருந்தது. "உங்க ஆச்சி கோபிச்சுக்கிட்டுப் படுத்திருக்கா" என்று சிரித்தபடி சொல்வார்கள். வாய் திறந்து பேச வழியில்லாத ஒருத்தி வேறு எப்படித்தான் பேசுவாள்? அந்தச் சுருண்ட முதுகே அவளுடைய மனு என்று யாரும் எண்ணுவதில்லை.

பின்னர் ரமணி, தன் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த சாந்தாபாய் என்பவளோடு பழகத் தொடங்கியபோது சாவித்திரி எதிர்த்துக் கேட்கிறாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது உடம்பிலுள்ள நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறாள். யோசித்துப் பார்த்தால் தன்னுடையது என்று சொல்ல அவளிடம் எதுவுமே இல்லை. ஒன்று தகப்பன் போட்டது, மற்றொன்று கணவன் வாங்கித் தந்தது. படித்திருந்தால் ஒரு வேலை பார்த்துப் பிழைத்திருக்கலாமே என்று ஏங்குகிறாள். தன் பெண்கள் இருவரும் பி.ஏ. வரை படிக்க வேண்டும், கல்யாணம் ஒன்றையே கதியென்று நம்பியிருக்கக் கூடாது என்று எண்ணுகிறாள். அது எழுதப்பட்டது 1938-இல் என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறோம்.

ஆற்றில் விழுந்தவளை மாரி என்ற கருமான் காப்பாற்றித் தன் கிராமத்துக்கு அழைத்துப் போகிறான். அவன் பூட்டுத் திறப்பதில் வல்லவன், இரவில் திருட்டுத் தொழிலும் உண்டு! அவன் மனைவி பொன்னி இருக்கிறாளே, அவளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். புருஷனை அதட்டி உருட்டி வைத்திருப்பவள். ஆண்பிள்ளைகளை அடக்கி வைத்தால்தான் ஒழுங்காக இருப்பார்கள் என்று சாவித்திரிக்கே உபதேசம் செய்கிறாள். நகையும் காரும் உள்ள வீட்டம்மாளுக்குக் குரல் இல்லை. கூரை வீட்டுப் பொன்னிக்கு இருக்கிறது. இதை நாராயண் விளக்கிச் சொல்லவில்லை, காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சாவித்திரி ஊர்க் கோவிலில் பெருக்கித் துடைக்கும் வேலை பெற்று, அதற்குக் கிடைத்த அரிசியைத் தானே பொங்கி உண்கிறாள். ஆனால் இரவு வந்ததும் தனிமையும் அச்சமும் பிள்ளைகளின் முகமும் அவளை வாட்டுகின்றன. திரும்பிவிடுகிறாள்.

திரும்பியதால் அவள் தோற்றவள் என்று சிலர் எழுதுவார்கள். திரும்பியதால் அவளே உத்தமி என்று சிலர் மெச்சுவார்கள். இரண்டையும் நாம் ஏற்கவில்லை. கதையின் இறுதிப் பகுதியைப் பாருங்கள். ஒருநாள் மாரி, பூட்டுப் பழுது பார்ப்பதாகக் கூவிக்கொண்டு அவள் தெருவழியே போகிறான். கூப்பிட்டு ஒருவாய்ச் சோறாவது போட வேண்டும் என்று அவள் நெஞ்சு துடிக்கிறது. உயிரைக் காத்தவன்! ஆனாலும் கூப்பிடவில்லை. அவனுக்குக் கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று நின்றுவிடுகிறாள். அவன் குரல் தெருமுனையில் தேய்ந்து மறைகிறது. வீடு நிறையப் பண்டமிருந்தும், பசித்தவனுக்கு ஒரு பிடி சோறு எடுத்துத் தரும் உரிமை தன் கையில் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. நோராவின் கதவோசையைவிட இந்த மௌனம் நம்மை அதிகம் உலுக்கியது.

இவ்விருவரையும் படைத்தவர்கள் ஆண்கள். பெண்களே எழுத வந்தபோது என்ன நடந்தது? சென்னையில் வாழ்ந்து 1894-இல் மறைந்த கிருபாபாய் சத்தியநாதன் என்ற கிறிஸ்தவப் பெண்மணி, இந்தியப் பெண்களுள் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முன்னோடிகளில் ஒருவர். அவருடைய 'கமலா' நாவலில், தந்தையிடம் கல்வி பெற்ற சிறுமி புகுந்த வீட்டில் படிப்பதே குற்றமாகிவிடுகிறது. கணவன் கணேஷ் முதலில் ஆசையோடுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். வீட்டாரின் எதிர்ப்பு வலுத்ததும் விட்டுவிடுகிறான். கெட்டவன் என்று சொல்ல முடியாத கணவன். மனைவிக்காக ஒரு சிறு சங்கடத்தைத் தாங்கிக்கொள்ளத் தெரியாதவன், அவ்வளவே. இத்தகைய கணவர்களைக் கதைகளில் நிறையச் சந்திக்கிறோம்.

வங்காளத்தின் ஆஷாபூர்ணாதேவி இன்னும் ஆழமாகச் சென்றவர். 1909-இல் பிறந்த அவரைப் பாட்டியின் எதிர்ப்பால் பள்ளிக்கே அனுப்பவில்லை. அண்ணன்மார் பாடம் படிப்பதைக் கேட்டுக் கேட்டே எழுத்துக் கற்றார். அவரே 1976-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசைப் பெற்று, அப்பரிசை வென்ற முதல் பெண் எழுத்தாளர் ஆனார். பரிசு பெற்ற 'பிரதம் பிரதிச்ருதி' மூன்று நாவல்கள் கொண்ட வரிசையின் முதல் நூல். அதில் சத்தியவதி என்பவள், தனக்குத் தெரியாமல் தன் சின்னஞ்சிறு மகள் சுவர்ணாவுக்கு மாமியார் கல்யாணம் செய்து வைத்துவிட்டாள் என்று அறிந்ததும், அந்த வீட்டில் ஒரு கணமும் நில்லாமல் காசிக்குப் போய்விடுகிறாள். பெற்ற தாயைக் கேட்காமல் நடந்த கல்யாணம்!

இரண்டாம் நாவல் அந்தச் சுவர்ணலதாவின் கதை. கூட்டுக் குடும்பத்தார் புதுவீடு கட்டுகிறார்கள். தெருவைப் பார்த்தபடி ஒரு தாழ்வாரம் வேண்டும் என்று கணவனிடம் கேட்கிறாள். பொன் கேட்கவில்லை, பட்டுக் கேட்கவில்லை. நின்றால் நான்கு மனிதர் முகம் தெரியும்படி ஓர் இடம் கேட்டாள். கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று கணவன் ஆசை காட்டுகிறான். புதுவீட்டில் நுழைந்து அறை அறையாக ஓடித் தேடுகிறாள், தாழ்வாரம் இல்லை. பின்னாளில் தன் வாழ்க்கையை எழுதி அச்சேற்றுகிறாள். பிழை மலிந்த மட்டமான அச்சு. வீட்டு ஆண்கள் அதை உரக்கப் படித்துச் சிரிக்கிறார்கள். அவள் எல்லாப் பிரதிகளையும் தீயிலிட்டுவிடுகிறாள். மூன்றாம் நாவலில் அவள் மகள் பகுல் எழுத்தாளராகிறாள். மூன்று தலைமுறை வேண்டியிருந்தது, ஒரு பெண்ணின் சொல் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போக.

தமிழில் அம்பை எழுதிய 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்னும் சிறுகதையிலும் இதே கதிதான். அக்கதையின் பெயரைத் தாங்கிய தொகுதி 1988-இல் வெளிவந்தது. ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம் ஒன்றுக்கு மருமகளாகச் சென்ற மீனாட்சி, இருண்ட சமையலறைக்கு வெளியே தாழ்வாரத்தை நீட்டி, ஜன்னலைப் பெரிதாக்கலாமே என்று மாமனாரிடம் யோசனை சொல்கிறாள். ஜன்னலுக்கு வெளியே பச்சை மலைகள் இருக்கின்றன. அவள் சொன்னதைத் தொடர்ந்து நடப்பது என்னவென்றால், சமையலறைத் தாழ்வாரத்தில் கயிறுகள் கட்டப்படுகின்றன. ஈரத் துணிகள் தொங்கி மலையை மறைக்கின்றன. யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. ஏழெட்டுப் பேருக்கு இரண்டு வேளை வடித்துக் கொட்டும் நம் அன்னையரின் அடுப்படிகளில் ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது, அதன் வழியே என்ன தெரிகிறது என்று இக்கதையைப் படித்த பின்புதான் கவனித்துப் பார்த்தோம்.

இதற்கெல்லாம் முன்பே, 1943-இல், புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதினார். கல்லாயிருந்து பெண்ணாகிக் கணவனோடு மறுபடியும் வாழத் தொடங்கிய அகலிகை, சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்பதைச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள். தன்னை ஏற்று வாழவைத்த இராமனா இப்படிச் செய்தான் என்று உள்ளம் உடைந்து மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். அக்கதையைப் பற்றிச் சண்டையிட்டவர்கள் அன்று உண்டு, இன்றும் உண்டு. நமக்கு அதில் தெரிவது, ஒருத்திக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேர்ந்ததே என்று உணரும் நெஞ்சம்.

இப்படிப்பட்ட கதைகள் குடும்பத்தைக் குலைக்கும், வயதுப் பெண்கள் படிக்கத் தகாதவை என்று கருதும் பெரியோர் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலை பொய்யானதன்று. வீட்டை விட்டு இறங்கிய பெண்ணுக்கு ஊர் எவ்வளவு இரக்கம் காட்டும் என்பதை நாமும் பார்த்துத்தான் இருக்கிறோம். ஆனால் இந்த நாயகியர் கேட்டவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால் என்ன இருக்கிறது? ஒரு தாழ்வாரம். ஒரு ஜன்னல். கையில் ஒரு புத்தகம். காய்ச்சல் கண்ட பிள்ளையை ஒருநாள் வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமை. எதிரெதிரே உட்கார்ந்து பேச அரைமணி நேரம். இவ்வளவு சிறியவற்றைத் தந்துவிட்டால் எந்தக் குடும்பம் இடிந்துபோகும்? தராத வீடுகள்தாம் இக்கதைகளில் இடிகின்றன.

தூய பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தை உடனே சிலர் எடுத்துக் காட்டுவார்கள்: மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டுமே! அதற்குச் சற்று முன்னே, ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்று எல்லோருக்குமாக அவர் சொல்லியிருப்பதையும், சற்றுப் பின்னே, கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் கணவன் இருக்க வேண்டும் என்று கூறுவதையும் ஏனோ விட்டுவிடுகிறார்கள். கணவன் மனைவியரிடையே பணிவு இருபுறமும் இருக்க வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1988-இல் பெண்களின் மாண்பு பற்றிய தம் மடலில் விளக்கமாக எழுதினார். அவர் மடல் வரைக்கும்கூடப் போக வேண்டாம். தினமும் மூன்று வேளை மணி அடிக்கும்போது நாம் எதை நினைவுகூர்கிறோம்? கபிரியேல் தூதர் நாசரேத்தூர்க் கன்னிப் பெண்ணிடம் வந்த செய்தியைத்தான். விண்ணையும் மண்ணையும் படைத்தவர் அந்த ஏழைப் பெண்ணிடம் தூதனுப்பினார். அவள் உடனே தலையாட்டிவிடவில்லை, இது எங்ஙனம் ஆகும் என்று எதிர்க்கேள்வி கேட்டாள். விளக்கம் கிடைத்த பின்பே ஆகட்டும் என்றாள். கடவுளே ஒரு பெண்ணின் பதிலுக்காகக் காத்திருந்தார் என்றால், புதுவீட்டுக்குத் தாழ்வாரம் வைப்பதா வேண்டாமா என்பதை மனைவியிடம் கேட்பதால் எந்தக் கணவனுக்கும் மதிப்புக் குறைந்துவிடாது.

கணவன்மாரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? மேலே சொன்ன கதைகளில் மருமகளின் புத்தகத்தைச் சந்தேகித்ததும், சுவர்ணாவை அத்தனை சிறு வயதில் தள்ளிவிட்டதும் பெண்களே. தான் கேட்கப்படாமல் வளர்ந்தவள், பிறரைக் கேட்கவும் கற்றுக்கொள்வதில்லை. நாளை நாமும் மாமியார் ஆவோம், அண்ணிமார் ஆவோம். தம்பிக்குப் பெண் பார்க்கப் போகும் வீட்டில் ஜாதகத்தையும் நகையையும் விசாரித்துவிட்டு, அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து வருபவர்களில் நாமும் ஒருத்தியாக இருக்கக்கூடும்.

இவையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, தமிழ்ப் பெண்மைக்கு ஒவ்வாதது என்பாருக்கு ஒரு வார்த்தை. சிலப்பதிகாரத்தைப் பள்ளிப் பாடத்துக்காக மட்டும் படிக்கிறவர்கள், கண்ணகி பாண்டியன் அவையில்தான் முதன்முதலாக வாய் திறந்ததுபோல் நினைத்துக்கொள்கிறார்கள். கோவலன் மாதவியோடு இருந்த நாளில், தேவந்தி என்னும் தோழி, குறிப்பிட்ட நீர்த்துறைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்று வழி சொன்னாள். அது தனக்குப் பெருமையாகாது என்று கண்ணகி மறுத்துவிட்டாள். கணவன் வேண்டும், ஆனால் அதற்காகத் தன் பீட்டை இறக்கிக்கொள்ள அவள் ஆயத்தமில்லை. இல்லறத்துக்குள் நின்றுகொண்டே 'நான்' என்று சொன்ன பெண்ணை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

பிறகு கோவலன் திரும்பி வந்தான், மதுரைக்குப் புறப்படு என்றான், புறப்பட்டாள். அத்தனை காதம் நடக்கும்போதும் அவன் அவளை ஒன்றும் கேட்கவில்லை. மதுரையில் மாதரியின் மனையில் அவள் சமைத்துப் பரிமாறிய சோற்றை உண்டு, வெற்றிலை பெற்றுக்கொண்ட பிறகுதான் அவனுக்கு மனம் கரைகிறது. பெற்றோரையும் ஊரையும் விட்டு, எழுந்திரு என்றவுடனே எழுந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டாயே, என்ன செய்துவிட்டாய் என்று கேட்கிறான். மணமாகி இத்தனை ஆண்டுகளுக்குப் பின் கேட்கப்பட்ட கேள்வி. கண்ணகி பணிவாகத்தான் விடை சொல்கிறாள். ஆனால், சான்றோர் போற்றாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என்பதை அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மாறாத உள்ளம் உடையவளாதலால் நானே உடன்பட்டு எழுந்து வந்தேன் என்கிறாள். அவன் சொன்னதற்காக அன்று; தன் உள்ளம் இசைந்ததற்காக. அந்த ஒரு விடையில் முழுக் கண்ணகியும் நிற்கிறாள். அவளோடு இன்னும் பேசக் கோவலனுக்கு எவ்வளவோ இருந்திருக்கும். அவன் அவளுடைய சிலம்பில் ஒன்றை வாங்கிக்கொண்டு கடைவீதியை நோக்கிப் போய்விட்டான்.